எலியாவுக்கு மட்டும்

குன்னத்துகால்
6 ஜனவரி 2025

லேகாவுக்கு, அண்ணன் பெண்டாட்டி மைனி எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். சுகமில்லாதவர்கள் இத்தனை சுறுசுறுப்பாக ஆளை பிளாக் பண்ண மாட்டார்கள். போனில் என்னை அடைத்துவிட்டாய். தபால்காரனை அடைக்க உனக்கு இன்னும் பொத்தான் வரவில்லை, அதனால் இந்தக் காகிதம்.

நீ அனுப்பின இரண்டு பேரும் நம் ஹார்டுவேர் கடைக்கு வந்தார்கள். எனக்குப் பின்னால் நின்று, நான் பில் அடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மிருகக்காட்சிசாலையில் குரங்கு கடலை உரிப்பதைக் கூட ஜனம் அவ்வளவு நேரம் பார்க்காது. கண்ணாடி போட்டவன் கேட்டான்: "ஆன்ட்டி, மவுஸ் எவிடெ?"

"அதுக்க ஒயரை வெட்டியாக்கும் டிரைவர் எலியா டெம்போவுக்க கதவைக் கெட்டி வச்சிருக்கான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

பிறகு உன் புதிய திரையைக் காட்டினான். சிமென்டுக்கு ஒரு சாக்குப் படம். பெயின்டுக்கு ஒரு டப்பாப் படம். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு குழாய்ப் படம், அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். விற்கிற குழாய் ஒழுகும் என்று நாமே படம் போட்டுக் காட்ட வேண்டுமா மக்கா? பெயின்டைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறது. அதைத் தொட்டால் இன்னொன்று. என் பழைய கறுப்புத் திரையில் சாமானுக்கு ஒரு நம்பர், எத்தனை என்று ஒரு நம்பர், கடைசியில் எஃப் டென். பில் வந்துவிடும். கண் எதிரே நிற்கிறவன் முகத்தில்தான் இருக்கும். முகத்தைப் பார்க்காமல் வியாபாரம் செய்ய நான் என்ன ஏடிஎம்மா?

இதெல்லாம் போகட்டும். புது வருச ஆராதனை முடிந்து வந்து சோறு உண்ணும்போது உன் அண்ணன் சொன்னார்: "பிரேமா, ஈஸ்டர் களிஞ்சா நீ வீட்டில இருந்து ஓய்வெடு. புதிய மெஷினுக்கு மினிண்ணு ஒரு பிள்ளையை இருத்தலாம். அவ பி.காம் ஆக்கும்."

"எனக்குத் தளர்ச்சி உண்டுண்ணு யாரு சொன்னா?"

"லேகா."

நீ எப்போது வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாய்? இருபது வருசமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். ஊர் முழுக்க ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நிற்கும், வாயைக் கொடுக்கும், வாங்கிக்கொண்டு போகும். வீட்டில் எனக்கு என்ன உண்டு? ஒரு டிவி, ஒரு மிக்சி. இரண்டும் தானே பேசும், நான் சொல்வதைக் கேட்காது.

நாற்காலியைத் தர மாட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனை எழுத்து.

பிரேமகுமாரி


கழக்கூட்டம்
13 ஜனவரி 2025

அன்புள்ள மைனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாயிருக்கிறேன். உங்களை ஏன் பிளாக் செய்தேன் என்பது உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தி என் அலுவலகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலித்தது. என் மாமியார் நடக்கிற விதத்தைப் பற்றியது அது.

நான் போனில் பதில் அனுப்பினால் அதைக் கவுன்டரில் வைத்து என் குரலில் நடித்துக் காட்டுவீர்கள் என்று அண்ணன் சொன்னார். ஆகையால் நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன். ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ்தான் என்னிடம் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது வழக்கம்போல் பரிகசியுங்கள்.

அந்தக் கறுப்புத் திரையை மார்த்தாண்டத்தில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவர் வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். நாளைக்கு அது நின்றுபோனால் திறந்து பார்க்க ஆள் இல்லை. உங்களைத் தவிர ஒருவருக்கும் அதை இயக்கத் தெரியாது. நீங்கள் அதைச் சாமர்த்தியம் என்கிறீர்கள். உங்களுக்கு டெங்கு வந்தபோது அண்ணன் கடையை அடைத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு பெண்ணின் விரலில் தொங்குகிற கடை, கடையே அல்ல.

நானும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கடைகளுக்குப் பில் மெஷின் செய்து கொடுக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். அண்ணனுடைய சத்தியா ஹார்டுவேர்ஸ்தான் எங்கள் முதல் கடை. மார்ச் முதல் தேதி திறப்பு. எல்லை வியாபாரிகள் சங்கத் தலைவர் ரெத்தினதாஸ் சார் வருகிறார். அவருக்குப் பிடித்தால் சங்கத்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் எங்களிடமே வாங்குவதாக வாக்களித்திருக்கிறார். பிடிக்காவிட்டால் நான் பழைய மேலாளரிடம் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டியிலிருக்கிற வாடிக்கையாளர் பெயர்களும் போன் எண்களும் அப்படியே புதியதற்கு வரும். பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு வரி எழுதுங்கள். திறப்பு நாளுக்கு ஓர் ஆச்சரியமும் வைத்திருக்கிறேன்.

நாற்காலி அண்ணனுடையது. அவரிடம் பேசுங்கள்.

லேகா


குன்னத்துகால்
3 பிப்ரவரி 2025

லேகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கவுன்டரில் வைத்து உரக்க வாசித்தேன். 'ஆகையால் நானும்' என்று நீ எழுதின இடத்தில் எலியா சிமென்ட் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் "ஆமென்" என்றான். பிழை ஒன்றும் இல்லை. காணிக்கை எடுக்காததுதான் குறை.

பெயர்களைப் பற்றிக் கேட்டாய். அருமையாக இருக்கின்றன. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை விடப் பொருத்தம். ரதீஷ் என்று மட்டும் அடித்தால் எலியா எந்த ரதீஷ் வீட்டில் கொண்டுபோய் பைப்பை இறக்குவான்? இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு ரதீஷ் உண்டு. அதனால் ஒவ்வொருவருக்கும் எலியாவுக்கு விளங்குகிற மாதிரி அடித்து வைத்திருக்கிறேன். அவன் இதுவரை வீடு மாறிப் போனதில்லை. ஒன்றைக்கூட மாற்றாதே.

உன் மெஷினில் என்னையும் பழகச் சொன்னார்கள். கிரீஸ் பட்ட விரல் அதற்குப் பிடிக்காதாம். கையைக் கழுவி, பெரிய வீட்டுக் கல்யாணத்தில் மோதிரம் காட்டுகிறவள் போல ஒற்றை விரலை நீட்டித் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் தொட்டேன். பில்லில் வரிசையாக குளோசெட் ஏறியது. வந்தவன் கேட்டது ஒரு வாஷர். "எனக்க வீட்டில இவ்வளவு பேரு இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மினி நல்ல பெண். மெஷின் தப்புப் பண்ணினால் மினி சாரி சொல்கிறாள், வாடிக்கையாளர் தப்புப் பண்ணினாலும் மினி சாரி சொல்கிறாள். மின்சாரம் போனபோது சுவிட்சைப் பார்த்து சாரி சொன்னதை என் கண்ணால் கண்டேன். இப்படி ஒருத்தியை உட்கார்த்தினால் ஊர்க்காரன் அவளைக் கடையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அண்ணனிடம் பேசு என்றாய். பேசினேன். பேப்பரை மறுபக்கம் திருப்பினார். உன் குடும்பத்து ஆண்களுக்கு அது ஒரு பதில்.

முதல் தேதி நான் நாற்காலியில்தான் இருப்பேன். நாடா வெட்டுகிறவர் என் மூக்கு தட்டாமல் வெட்டட்டும்.

பிரேமகுமாரி


கழக்கூட்டம்
3 மார்ச் 2025

பிரேமகுமாரி அவர்களுக்கு,

மைனி என்று எழுத இன்று கை வரவில்லை.

நடந்ததை நீங்களும் அங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். ஊருக்கு நீங்கள் சொல்கிற கதையில் இது வேறு மாதிரி ஆகிவிடும்.

போதகர் ஜெபித்தார். ரெத்தினதாஸ் சார் பேசினார். நெடுநேரம் பேசினார், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் "மோளே, ஆத்யம் ஞான் தன்னே நோக்காம்" என்று முதல் ஆளாகத் தன் போன் எண்ணைத் திரையில் தொட்டார். எண்ணைப் போட்டதும் மெஷின் அந்த வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி உரக்க வரவேற்கும். அதுதான் நான் வைத்திருந்த ஆச்சரியம். அந்தக் குரலைத் தேடி எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தனை இனிமையான குரல். அது சொன்னது:

"வணக்கம், ஆமென் இல்லா ஜெபம். சத்தியா ஹார்டுவேர்ஸ் உங்களை அன்புடன் வரவேற்கிறது."

முதலில் சிரித்தவர் போதகர். அதைத்தான் ரெத்தினதாஸ் சார் மன்னிக்கப் போவதில்லை.

நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பேக்கரி செல்லசாமி முண்டியடித்துக்கொண்டு வந்தார். சங்கத் தேர்தலில் அவரிடம் தோற்றவர் அல்லவா, முகம் முழுக்கச் சந்தோஷம். தன் எண்ணைப் போட்டார். "வணக்கம், செகண்ட் கோட்டு" என்றது. அவர் கை தானாக மீசைக்குப் போனதை எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை கறுப்பான மீசை அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை.

பந்தி பரிமாறும் முன்பே சங்கத்துக்காரர்கள் போய்விட்டார்கள். இன்று காலையில் ரெத்தினதாஸ் சாரின் ஆள் போன் செய்து, சங்கத்துக்கு எதுவும் வேண்டாம் என்றார்.

நான் ஒரு வரிதான் கேட்டேன். அருமையாக இருக்கின்றன என்று எழுதினீர்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது அண்ணன் அடித்த பக்கம், ஒழுங்காக இருந்தது. மீதி நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் கோட்டயத்துக்காரர்கள். அவர்கள் அதையெல்லாம் வீட்டுப்பேர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாற்காலிக்காக இதைச் செய்தீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிர்ஷ்டம்.

லேகா


குன்னத்துகால்
10 மார்ச் 2025

லேகாவுக்கு,

நான் வேண்டுமென்று செய்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன். போதகருக்கும் ஒரு பேர் உண்டு. அவர் எண்ணைப் போடவில்லை. பிழைத்தார்.

என் பெட்டி இருபது வருசம் அந்தப் பேர்களை வயிற்றில் வைத்திருந்தது. திரை என் பக்கம் பார்த்து இருந்தது. பில்லில் நம்பர் மட்டும்தான் அச்சாகும். எனக்குத் தெரியும், எலியாவுக்குத் தெரியும். ரெத்தினதாஸ் அண்ணன் வந்து நிற்பார், நான் "வாருங்க அண்ணா" என்று எழுந்து நிற்பேன், சாமானை டெம்போவில் ஏற்றும்போது எலியாவிடம் "ஆமென் இல்லாததுக்க வீட்டுக்கு" என்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? அதற்கு வாய் வைத்தது யார்? நானா? ஒரு பெட்டிக்கு வாய் வைக்கிறவள் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு பக்கம் பார்த்தாளாம். சோற்றுப் பானையில் மேலே கிடக்கிற பருக்கையைப் பார்த்துவிட்டுப் பந்தி போட்டவளே.

ஆச்சரியம் என்று எழுதினாயே தவிர, அது பேசும் என்று ஒரு வார்த்தை எழுதினாயா? எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். உனக்கு என்னிடம் கேட்பது குறைச்சல். சொல்லுவதும் குறைச்சல். உன் திரையில் படம் மட்டும் கூடுதல்.

சரி, நீ ஜெயித்தாய், கேட்டுக்கொள். அன்று மாலையே உன் அண்ணன் சொன்னார்: "இனி நீ கடை நடை ஏறப்பிடாது." இந்தத் தடவை கையில் பேப்பர் கூட இல்லை. ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கவில்லை. மினி உட்கார்ந்திருக்கிறாள். என் பழைய பெட்டியை எலியா கொண்டுவந்து வீட்டில் இறக்கினான், பிணத்தை இறக்குகிற மாதிரி. இறக்கிவிட்டு, "அக்கா, இன்னிக்கு மினி கொச்சு ரதீஷ்ண்ணு சொல்லிச்சு. கொச்சு ரதீஷ் ஏதாக்கும்?" என்று கேட்டான்.

"நம்ம 'வெல கேட்டானு'க்க தம்பி."

"அட, அதா?" அவன் முகம் தெளிந்தது. உன் அண்ணன் சன்னல் வழியாகப் பார்த்தார். எலியா போய்விட்டான்.

இன்று காலையில் மிக்சியோடு பேசினேன். ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. அரைத்தது.

பிரேமகுமாரி


கழக்கூட்டம்
26 மார்ச் 2025

மைனிக்கு,

முன் கடிதத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதின வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்ற வரிகள் அப்படியே நிற்கட்டும்.

உங்கள் பெயர்களையெல்லாம் அழித்துச் சரியான பெயர்களைப் போட வேண்டியிருந்தது. மூன்று பேரும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டோடு உட்கார்ந்து வரிசையாக வாசித்தோம். 'வாஷர் போன டேப்' யாரென்று எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. என் கணக்கு சார். அவர் பேசப் பேச முன்வரிசை நனையும். நான் அந்த வரிசையில்தான் இருந்தேன். சிரித்தேன் என்று உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். கோட்டயத்துக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்களுக்கு மோர்க்குழம்பு மூக்கில் ஏறியது.

இப்போது பெயருக்கு இரண்டு இடம் வைத்திருக்கிறேன். மேலே உள்ளது பில்லுக்கும் குரலுக்கும். அதன் கீழே கறுப்பாக ஒரு சின்னக் கட்டம். அதில் அடிப்பது அச்சாகாது, பேசாது, வாடிக்கையாளர் பக்கத்துத் திரையில் வராது. கடைக்காரரும் வண்டிக்காரரும் மட்டும் பார்க்கலாம். என்ன தலைப்புப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'எலியாவுக்கு மட்டும்' என்றே போட்டுவிட்டோம். இன்னொன்று. கீபோர்டை மாட்டினால் உங்கள் பழைய நம்பர்களும் எஃப் டென்னும் புதிய திரையிலேயே வேலை செய்யும். படங்கள் பின்னால் கிடக்கும், பார்க்க வேண்டாம். இது உங்களுக்காகச் செய்ததென்று நினைக்க வேண்டாம். மினியின் வேகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தது.

ஆனால் காட்ட ஆள் இல்லை. ஒரு கடையும் எங்களைக் கூப்பிடவில்லை. மே மாதம் வரைதான் அலுவலகத்தை வைத்திருக்க முடியும்.

ஆகையால் கேட்கிறேன். ரெத்தினதாஸ் சார் வீட்டுக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் போனால் நாற்காலியைப் பற்றி அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். என் ஃபிளாட்டுக்குப் பைப் வாங்கினபோது என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். வெறும் லேகா என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. ஏன்?

லேகா


குன்னத்துகால்
23 ஏப்ரல் 2025

லேகாவுக்கு,

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. போனால் அவர் வீட்டு ஆட்களுக்கு வைத்திருக்கிற பேர்களும் வாயில் வந்துவிடும்.

ஆனால் ஈஸ்டருக்கு மறுநாள் அவரே இங்கே வந்தார். கார் முற்றத்தில் ஏறுவதைக் கண்டதும் நான் பின்வாசல் செருப்பைப் போட்டுவிட்டேன். உன் அண்ணன் உள்ளறையில் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார், ஆள் இருப்பதே தெரியாத மாதிரி. வேறு வழியில்லாமல் நான்தான் டீ கொண்டுபோனேன். டீயை வாங்கி வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு காரியம் அறியத்தான் வந்தேன். அண்ணு எனக்குப் பொறவு செல்லசாமி நம்பரைக் குத்தினானே. மெஷின் என்னவாக்கும் சொன்னது? எல்லாரும் சிரிச்ச பெகளத்தில எனக்குச் சரியாட்டு கேக்கல்ல."

"செகண்ட் கோட்டு."

"என்னத்துக்கு?"

"சனிக்கிழமை மீசைக்கு டை ஒண்ணு அடிக்கியாரு. அது காயும் முன்ன ஞாயிறு காலையில அடுத்தது."

டீ அவர் மூக்கு வழியாக வந்தது. துண்டு எடுத்துக் கொடுத்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுக்குப் பிறகு சங்கத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தொடையில் அடித்தார். "அது சரியாக்கும், அது நல்ல சரி" என்றார். கடைசியில் முகத்தைத் திருத்திக்கொண்டு, "எல்லாம் கொள்ளாம். எனக்க பேரு மட்டும் தப்பு பிரேமா. நான் பேசுனா எப்பிடியாக்கும்ண்ணு கேட்டா..." என்று தொடங்கினார். டீ ஆறியது. வேறு டீ போட்டுக் கொண்டுவந்தேன். அதுவும் ஆறியது. இன்னும் முடியவில்லை. நான் தலையாட்டிக்கொண்டே, வைத்த பேரைப் பற்றி எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

மூச்சு வாங்குகிற இடத்தில் புகுந்து, உன் கறுப்புக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அச்சாகாது, பேசாது, அந்தப் பக்கம் தெரியாது என்று. மனிதர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பேச்சை அவரே பாதியில் விட்டு நான் கண்டதில்லை.

"எனக்க உரக் கடையிலயும் அது வைக்கலாமா?"

"ஒங்களுக்கும் பேரு உண்டா அண்ணா?"

"யாருக்கு இல்ல? சீட்டில எழுதி மேசைக்குள்ள பூட்டி வச்சிருக்கேன். செல்லசாமியும் வச்சிருப்பான், கண்டுக்கோ." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒனக்கும் ஒண்ணு உண்டு."

என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை. இருபது வருசமாக ஊருக்குப் பேர் போட்ட எனக்கு, போகிற போக்கில் இப்படி ஒரு முள்ளைக் குத்திவிட்டு மனிதர் மிக்சரை அள்ளித் தின்றார்.

எழுந்திருக்கும்போது சொன்னார்: "கட்டம் வந்தா மட்டும் போராது, அதில போடுகதுக்கு ஆளு வேணும். நீ எனக்க கடையில வந்து இரி. சுத்துக நாற்காலி தாறேன்."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் உள்ளறைக்கு எட்டும்படி திருப்பிக் கேட்டேன்: "சுத்துக நாற்காலியா அண்ணா? பாறசாலையிலயா? ஆலோசிச்சிட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

உள்ளே பேப்பர் சத்தம் நின்றது.

கார் போன பிறகு உன் அண்ணன் வெளியே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். மாமரத்தைப் பார்த்தார். பிறகு மாமரத்திடம் கேட்டார்: "சுத்துக நாற்காலிக்கு எவ்வளவு ஒசரம் வேணும்?"

மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். உன் குடும்பத்தில் இதற்கு மேல் எதிர்பார்த்தால் தமிழ்நாட்டில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். மினியை ரெத்தினதாஸ் அண்ணன் கடைக்கு அனுப்பலாம் என்று பேசியிருக்கிறது. அவர் பேசுவார், அவள் சாரி சொல்வாள், இரண்டு பேருக்கும் முடிவு கிடையாது.

நீ என் நாற்காலிக்காக அண்ணனிடம் பேச வேண்டாம். உன் கட்டத்தை மட்டும் கொண்டுபோய் ரெத்தினதாஸ் அண்ணனிடம் காட்டு.

பிரேமகுமாரி


கழக்கூட்டம்
19 மே 2025

அன்புள்ள மைனிக்கு,

அலுவலகத்தைக் காலி செய்யவில்லை.

ரெத்தினதாஸ் சாரின் உரக் கடையில் போன வாரம் வைத்தோம். அதைக் கேள்விப்பட்டுச் செல்லசாமி அன்றைக்கே கூப்பிட்டார். சங்கத்தில் மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வெட்கத்தோடு ஒன்றை எழுதுகிறேன். என் படங்களை ஒருவரும் பார்க்கவில்லை. குரலை எல்லாரும் முதல் வேலையாக நிறுத்தச் சொல்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, "மோளே, அந்தக் கறுப்புக் கட்டம் எங்க?" என்பதுதான் கேள்வி. நாம் இத்தனை வருடம் படித்தது ஒரு கட்டத்துக்கு வாய் இல்லாமல் செய்வதற்குத்தானா என்று என்னோடு வேலை செய்கிற பையன் கேட்கிறான்.

பெயர்களை முன்பே வாங்கி ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. ஆகவே எல்லாக் கடைக் கட்டங்களையும் நான் வாசித்தாகிவிட்டது. இந்த முறை எல்லாப் பக்கமும் வாசித்தேன்.

ஒவ்வொரு கடையிலும் நீங்கள் இருக்கிறீர்கள் மைனி. ஒரு கடையில் இருப்பது போல் இன்னொரு கடையில் இல்லை. ரெத்தினதாஸ் சார் வைத்திருப்பது நீளமானது, நீங்களே ஊகிக்கலாம். செல்லசாமி வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதை வாசித்துவிட்டு நான் அவர் பேக்கரி முன்னால் காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், சிரிப்பில் ஓட்ட முடியாமல்.

சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் ரகசியம். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. ஊரில் ஆளுக்கொன்று வைத்திருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் வெறும் லேகா?

உங்களை அன்பிளாக் செய்திருக்கிறேன். ஆனால் குரல் செய்தி அனுப்ப வேண்டாம்.

லேகா


குன்னத்துகால்
26 மே 2025

எட்டி லேகா,

இதைக் கடையில், சுற்றுகிற நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். சுற்றினால் ஒரு பக்கம் ஜனம், ஒரு பக்கம் எலியா, ஒரு பக்கம் உன் அண்ணன். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவேன். எதிரே உன் திரை. எஃப் டென் வேலை செய்கிறது. சொட்டுத் தண்ணீர்ப் படத்தின் மேல் எலியா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். அழகு கூடியிருக்கிறது.

தொழில் தர்மமாம். நான் மூன்று நாளாகச் சோறு சரியாக உண்ணவில்லை. முந்தாநாள் செல்லசாமி வந்தார். அரை லிட்டர் வார்னிஷ் கொடுத்துவிட்டு, "அண்ணா, எனக்க பேரு என்னவாக்கும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, "பிரேமகுமாரி, வேற என்ன?" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். போகிற வழி முழுக்கச் சிரித்தார். அந்த மனிதனுக்கு இனி அரைச் சொட்டு வார்னிஷ் கூடத் தரக் கூடாது.

நீ கேட்டதற்குப் பதில். வைக்காமல் இல்லை. வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு ஆளுக்குப் பேர் வைக்க வேண்டுமென்றால் அந்த ஆள் கொஞ்ச நேரம் முன்னால் நிற்க வேண்டும். கோணலாக நிற்கிறாளா, எதற்கு முகம் சுளிக்கிறாள், எதற்கு எச்சில் விழுங்குகிறாள் என்று பார்க்க வேண்டும். நீ எங்கே நின்றாய்? வருவாய், கேக்கைத் தருவாய், காரை ஆஃப் பண்ணாமலே சன்னல் வழியாக எல்லாம் பேசிவிட்டுப் போவாய். உன் அப்பா செத்து நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தபோதும் முற்றத்தில் உன் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போதகரே அவசரப்பட்டு ஜெபித்தார்.

அதனால் இன்று காலையில் கறுப்புக் கட்டத்தில் அடித்துவிட்டேன். 'வண்டி ஆஃப் பண்ணாதவ.' எலியா பார்த்துவிட்டு, "இது கழக்கூட்டத்துக்கு இல்லியா அக்கா?" என்றான். அவனுக்கு இன்னொரு சொல் தேவைப்படவில்லை.

பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். ஆனால் அதை இங்கே வந்து நின்று மாற்ற வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வா. மரச்சீனியும் மீன்கறியும் உண்டு. செல்லசாமி கடைக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீ சொல்ல வேண்டாம், நான் ஒன்று ஒன்றாக ஊகித்துச் சொல்கிறேன், நீ முகத்தை மட்டும் காட்டு. உன் முகம் பொய் சொல்லாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கு. நான் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

மைனி